எரர் மாறினால் நல்ல சகுனம்

உலகத்தின் முதல் வெப் சர்வர் ஒரு கறுப்பு நிற நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1990-ம் வருஷக் கடைசியில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை ஓடவிட்டார். கூடவே அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டி, சிவப்பு மையில் கையால் எழுதியும் வைத்தார். 'இந்த மெஷின் ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்பது அதன் சாரம்.

ஆக, வெப் சர்வருக்கு வரக்கூடிய முதல் வியாதி எதுவென்று பிறந்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். யாராவது சுவிட்சை அணைத்துவிடுவது! முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் சர்வர் தகராறு என்று யார் வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேதான். 'ஓடுதா?'

சர்வர் என்ற வார்த்தை தமிழனுக்குப் புதுசில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே தோளில் துண்டோடு நம் ஓட்டல்களில் அவர் இருந்தார். 'என்ன சாப்பிடறீங்க?' என்று கேட்டு, உள்ளே போய், தட்டோடு திரும்பி வருபவர். வெப் சர்வர் செய்வதும் அட்சரம் பிசகாமல் அதே வேலை. பிரவுசர் கேட்பதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் எடுத்துவருகிறது. உள்ளே சமையல்காரர் ஒருவர். அவர் பெயர் பிஎச்பி. அவருக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் வரிசையாக அடுக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் டேட்டாபேஸ், மைஎஸ்க்யூஎல்.

மூவருக்கும் ஒரே வயசு. அப்பாச்சி என்கிற சர்வரும், பிஎச்பியும், மைஎஸ்க்யூஎல்லும் 1995-ல் வெளியே வந்தவர்கள். மைஎஸ்க்யூஎல் பிறந்தது ஸ்வீடனில். அதை எழுதிய மைக்கேல் விடேனியஸ் தன் மூத்த மகள் 'மை' பெயரைச் சூட்டினார். கம்பெனி கைமாறி வேறு பெரிய கம்பெனிக்குப் போனபோது, 2009-ல் அதே நிரலிலிருந்து தனியாகப் பிரித்து இன்னொன்று செய்தார். அதற்கு இளைய மகள் மரியாவின் பெயர், மரியாடிபி. இன்று மாணவர்கள் இறக்கிக்கொள்ளும் 'ஸாம்ப்' என்ற மூட்டையில் பலகையில் அக்கா பெயர் இருக்கும், உள்ளே வேலை பார்ப்பது தங்கை.

இந்த ஓட்டலில் என்ன கோளாறு வந்தாலும் சர்வர் ஒரு நம்பர் சொல்லிவிட்டுப் போவார். 404 என்றால் 'அந்த ஐட்டம் இல்லை சார்.' 403 என்றால் 'அந்த ரூமுக்கு நீங்க போகக்கூடாது சார்.' 500 என்றால் 'உள்ளே ஏதோ பிரச்னை சார், கேக்காதீங்க.' உள்ளே சமையல்காரர் தீய்த்துவிட்டாரா, ஸ்டோர்காரர் சாவியைத் தொலைத்துவிட்டாரா என்று சாப்பிட வந்தவரிடம் சொல்லமாட்டார். சொல்லவும் கூடாது. ஆனால் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நடந்தது அத்தனையும் நேரத்தோடு எழுதியிருக்கும். அதற்கு எரர் லாக் என்று பெயர். ஸாம்ப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'லாக்ஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பாதிப் பேர் அதை ஒருமுறைகூட அழுத்தியிருக்கமாட்டார்கள். பக்கத்து சீட்டு நண்பனைக் கேட்பார்கள். அவனோ 'அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு மச்சி' என்பான்.

இன்னொரு பொதுவான தகராறு, சர்வர் கிளம்பவே கிளம்பாது. ஸ்டார்ட் அழுத்தினால் பச்சையாகி உடனே செத்துவிடும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான வாசல்கள். 65,535 வரை நம்பர் போட்டிருக்கும். போர்ட் என்பார்கள். வெப் சர்வர் உட்காரும் வாசல் 80. பூட்டுப் போட்ட வாசல் 443. டேட்டாபேஸுக்கு 3306. ஒரு வாசலில் ஒருவர்தான் உட்கார முடியும். நம் அப்பாச்சி வரும்போது 80-ல் ஏற்கெனவே வேறு யாரோ துண்டு போட்டிருந்தால் பஸ் சீட் கதைதான். ஒரு காலத்தில் இப்படித் துண்டு போடுவதில் பேர்போனது ஸ்கைப். 2025 மே மாதத்தோடு ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது. ஆனால் விண்டோஸோடு வரும் சொந்த வெப் சர்வர் ஒன்று ஆன் ஆகியிருந்தால் இன்றும் இது நடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், 80-ல் யாரோ இருக்கிறார்கள் என்பதையும், பெரும்பாலும் அவருடைய ப்ராசஸ் நம்பரையும் ஸாம்ப் பலகை அதே ஜன்னலின் கீழே சிவப்பு எழுத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. டாஸ்க் மானேஜரில் அந்த நம்பரைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

சிவப்பு எழுத்து. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை ஒன்று. கடைக்காரர் மகள் எம்.சி.ஏ. கடைசி வருஷம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பும் கையுமாக வந்தாள். பின்னாலேயே அப்பா.

"சார், நாளன்னிக்கு ரிவ்யூ. எதுவும் ஓட மாட்டேங்குது சார்."

அவள் எடுத்துக்கொண்ட பிராஜெக்ட் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் கடைக் கணக்கு. எந்த வீட்டுக்கு எத்தனை அண்டா போச்சு, எத்தனை நாற்காலி திரும்பி வந்தது என்பதை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. நாற்பது நாற்காலி போய் முப்பத்தேழு வந்தால் அந்த மூன்று எங்கே என்று அவர் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

"எத்தனை தடவை இன்ஸ்டால் பண்ணே?"

"அஞ்சு தடவை சார். அஞ்சு தடவையும் அதே எரர்."

அப்பா குறுக்கிட்டார். "கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் ரெடிமேடா வாங்கிட்டாங்களாம் சார். ஆறாயிரம் ரூபா. நானும் பணம் எடுத்து வெச்சுட்டேன். இவதான் வேணாங்கிறா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப வாங்கிடலாம்ப்பா. எனக்கு இது வராது" என்றாள்.

எனக்கு இது வராது. இந்த ஒரு வாக்கியத்தால் நம் ஊரில் எத்தனை பேர் கம்ப்யூட்டரை மூடிவைத்திருப்பார்கள் என்று தெரியாது. எரரைக் காட்டச் சொன்னேன். திரையில் வந்ததும் அவள் கண் அனிச்சையாக வேறு பக்கம் போனதைக் கவனித்தேன்.

"படிம்மா."

"அக்சஸ் டினைட் சார்."

"முழுசா."

தயங்கித் தயங்கிப் படித்தாள். ரூட் என்ற ஆளுக்கு லோக்கல்ஹோஸ்டிலிருந்து அனுமதி மறுக்கப்பட்டது. நம்பர் 1045. கடைசியில் அடைப்புக்குறிக்குள் பொடியாக ஒரு ஒட்டு. பாஸ்வேர்ட் உபயோகித்தாரா? நோ.

"அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"பாஸ்வேர்ட் குடுக்கலைன்னு... ஆனா நான் வெச்சேனே சார்! வீடியோல சொன்ன மாதிரியே வெச்சேன்."

வைத்தாள், வாஸ்தவம். பூட்டை மாற்றினாள். ஆனால் அவளுடைய பிஎச்பி ஃபைல் சீனியர் ஒருவர் கொடுத்தது. அதில் பாஸ்வேர்ட் போட வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. ஸாம்ப் புதுசாக வரும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. சீனியரின் கோடு அந்த நிலைமைக்கு எழுதியது. வீடியோக்காரர் சொன்னது நல்ல யோசனை, ஆனால் சீனியரின் கோடு அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து தடவை அழித்து ஐந்து தடவையும் அதே வீடியோவைப் பார்த்து அதே பூட்டைப் போட்டால், ஐந்து தடவையும் அதே எரர்தானே வரும்!

அவளே பாஸ்வேர்டை ஃபைலில் எழுதினாள். ரிஃப்ரெஷ். மறுபடி சிவப்பு எழுத்து. முகம் விழுந்துவிட்டது.

"நம்பர் என்ன?"

"1049 சார்."

"முன்னாடி?"

"1045."

"அப்ப ஜெயிச்சுட்டே!"

அப்பாவும் பெண்ணும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஸ்டோர்காரர் கதையை அவர்களுக்குச் சொன்னேன். நீங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகிறீர்கள். கதவைத் தட்டினால் பதிலே இல்லை. அது 2002 அல்லது 2003. ஆளே இல்லை, அல்லது நீங்கள் தட்டுவது தப்பான கதவு. ஆள் இருக்கிறார், ஆனால் 'நீ யாருய்யா?' என்கிறார். அது 1045. உங்களை அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் 'நீ கேக்கற அறை இங்க இல்லையே' என்கிறார். அது 1049. அறை இருக்கிறது, 'ஆனா அந்த டப்பா இல்லை' என்கிறார். அது 1146. ஒவ்வொரு நம்பரும் முந்தின நம்பரைத் தாண்டி ஒரு படி உள்ளே வந்துவிட்டீர்கள் என்று சொல்கிறது. எரர் மாறாமல் நின்றால்தான் கவலை. மாறினால் நல்ல சகுனம். அதுவும், நீங்கள் கடைசியாகச் செய்த ஒரே ஒரு மாற்றம்தான் அதற்குக் காரணம் என்று தெரிந்தால், கோளாறு பாதி தீர்ந்த மாதிரி. ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைத்தால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

1049-க்குக் காரணம் அற்ப சமாசாரம். வாடகை என்ற வார்த்தையை இங்கிலீஷில் எழுதும்போது கோடில் 'ஜி' போட்டிருந்தது, டேட்டாபேஸில் 'கே'. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிற தேசம், வேறென்ன ஆகும்? சரிசெய்ததும் 1146 வந்தது. இந்த முறை அவள் முகம் விழவில்லை. "டேபிள் இல்லைங்குது சார். அஞ்சாவது தடவை இன்ஸ்டால் பண்ணப்புறம் சீனியர் ஃபைலை ஏத்தலை" என்று தானே சொல்லித் தானே ஏற்றினாள். பக்கம் வந்துவிட்டது. மொத்தம் இருபது நிமிஷம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அப்பா ஆசையாக, "அண்டான்னு போடும்மா" என்றார். தமிழில் 'அண்டா' என்று அடித்து சேவ் பண்ணினாள். எரர் ஏதும் இல்லை. 'சேமிக்கப்பட்டது' என்றே வந்தது. லிஸ்டைத் திறந்தால் அண்டா இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள். குத்துவிளக்கு போட்டால் பதிமூன்று.

அப்பா சிரித்தார். "என்ன சார், என்னையே கேள்வி கேக்குது?"

சத்தம் போடுகிற எரர் நல்லவன். சத்தம் போடாதவன்தான் ஆபத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 'அண்டா' என்பது அ, ண, புள்ளி, ட, கால் என்று ஐந்து துண்டு. சீனியரின் டேபிள் 'லத்தீன்-1' என்ற எழுத்து வகையில் செய்யப்பட்டிருந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பெட்டி அது. மைஎஸ்க்யூஎல் ஸ்வீடனில் பிறந்ததால் ரொம்ப வருஷம் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்-1-ஐயும், ஸ்வீடிஷ் அகர வரிசையையும் எடுத்துக்கொண்டது. 2018-ல் வந்த எட்டாவது பதிப்பில்தான் அது மாறியது. அந்தப் பெட்டியில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே துண்டுக்கு ஒன்றாகக் கேள்விக்குறியை வைத்துவிட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்ந்த கோடு போட்ட 'ஏ'வும் வேறு கிறுக்கல்களும் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கும், படிக்கிறவர்தான் தப்பான கண்ணாடி போட்டிருக்கிறார். ஆனால் டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறிகள் உட்கார்ந்துவிட்டால், போனது போனதுதான். எந்த நிபுணர் வந்தாலும் பதிமூன்று கேள்விக்குறியிலிருந்து குத்துவிளக்கை ஏற்ற முடியாது.

டேபிளை 'யுடிஎஃப்-8-எம்பி-4' என்ற எழுத்து வகைக்கு மாற்றினாள். தமிழ் எழுத்துத் துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஸ்மைலி பொம்மைக்கு நாலு பைட், எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. அண்டா அண்டாவாகவே வந்தது. இரண்டே ஐட்டத்தோடு பிடித்துவிட்டோம். அந்தக் கடை நோட்டு முழுவதையும் ராப்பகலாக ஏற்றிவிட்டு, நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டபிறகு லிஸ்டைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கே வயிற்றைக் கலக்கியது. புது சிஸ்டம் வைத்ததும் முதல் வேலை, ஒரே ஒரு பதிவைப் போட்டுத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. பாயசத்தைப் பந்தியில் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு கரண்டி ருசி பார்க்கிற மாதிரி.

ரிவ்யூ நடந்தது. 'கோட் எல்லாம் நீயே எழுதினதா?' என்று கேட்டார்களாம். 'பாதி சீனியரோடது மேடம். ஆனா எந்த இடத்துல உடைஞ்சாலும் எனக்குச் சொல்லத் தெரியும்' என்று பதில் சொல்லியிருக்கிறாள். ஆறாயிரத்துக்குக் கிடைக்காத வாக்கியம் அது.

அவளுக்கு வராதது கம்ப்யூட்டர் இல்லை. இங்கிலீஷ்கூட இல்லை. எரர் மெசேஜில் வருகிற இங்கிலீஷ் ரொம்பச் சின்ன இங்கிலீஷ். இல்லை, முடியாது, தெரியாது, அனுமதி கிடையாது, எதிர்பார்க்காத இடத்தில் அரைப்புள்ளி. ஒரு முப்பது நாற்பது வார்த்தை தெரிந்தால் வண்டி ஓடும். தடுத்தது வேறு. ஒண்ணாங்கிளாஸிலிருந்து சிவப்பு மை என்றால் தப்பு, தப்பு என்றால் திட்டு, திட்டு என்றால் தலையைக் குனிந்துகொள் என்று பழக்கிவைத்திருக்கிறோம். திட்டை யாராவது கடைசி வரை உன்னிப்பாகக் கேட்பார்களா? காதைப் பொத்திக்கொண்டு ஓடத்தான் தோன்றும். மறுபடி இன்ஸ்டால் செய்வது என்பது அந்த ஓட்டம்தான். ஆனால் மெஷின் திட்டுவதில்லை. அதற்கு நம் மேல் கோபம் கிடையாது, நம்மைப் பற்றி அபிப்பிராயமே கிடையாது. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்த மட்டும் சொல்கிறது. அவ்வளவே.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லத் தோன்றுகிறது. ஒன்று, பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்கும்போது 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று வந்தால் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லோடு பேச பிஎச்பி ஆரம்பத்தில் வைத்திருந்த ஃபங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த ஏழாவது பதிப்பில் எடுத்துவிட்டார்கள். புத்தகம் ரிடையர் ஆகிவிட்டது, நீங்கள் இல்லை. இரண்டு, பாஸ்வேர்ட் இல்லாத ரூட் எல்லாம் சொந்த லேப்டாப்போடு சரி. ஊர் பார்க்க வைக்கும்போது, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை உள்ள ஓர் ஆளைத் தனியாக உண்டாக்கிக்கொள்ளுங்கள். வாசல் கூட்டுகிறவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்போமா? மூன்று, பக்கத்தில் ஒரு நோட்டு. என்ன மாற்றினீர்கள், அதற்கு முன் என்ன எரர், பின் என்ன எரர். மூன்று பத்தி போதும். இரண்டு மாசம் கழித்து அதே தகராறு வரும்போது அந்த நோட்டைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

ஓட்டலில் நெய் ரோஸ்ட் கேட்கிறோம். 'இல்லை சார்' என்கிறார் சர்வர். 'அப்ப என்ன இருக்கு?' என்று அவரையே கேட்கிறோம். அவரும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். நெய் ரோஸ்ட் இல்லை என்ற ஒரு காரணத்துக்காக ஓட்டலை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.